விளையாட்டுக்குள் அரசியல் எப்போது நுழைந்தது? பேசில் டி'ஒலிவெராவின் கதையும் சில கேள்விகளும்

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்." ஒரு கிரிக்கெட் வீரர் ஊர் நடப்பைப் பற்றி வாய் திறந்தால் போதும், அடுத்த நிமிடமே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வரும். கேப்டவுனில் பிறந்து, இங்கிலாந்துக்கு ஆடிய பேசில் டி'ஒலிவெரா. அவர் கதையை நான் சொல்லும்போது நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

யார் இவர்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

1931-ல் கேப்டவுனில் பிறந்தவர். சிக்னல் ஹில் குன்றை ஒட்டிய ஏழைகள் குடியிருப்பில் வளர்ந்தார். அந்நாட்டுச் சட்டம் மனிதர்களைத் தோல் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது. அந்தக் கணக்கில் இவர் குடும்பம் 'கலப்பினத்தவர்'. நல்ல பேட்ஸ்மேன், பயனுள்ள மிதவேகப் பந்துவீச்சாளர். இங்கிலாந்துக்காக 44 டெஸ்ட் ஆடி, 40-க்குக் கொஞ்சம் மேலான சராசரியில் 2,484 ரன் எடுத்தார். முதல் டெஸ்ட் ஆடும்போதே அவருக்கு வயது 34. வயது தெரிந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று மூன்று, நான்கு வருடத்தைக் குறைத்தே சொல்லி வந்தார். அந்தப் பொய்யைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வருடங்களை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு யாரோ.

அவ்வளவு திறமை இருந்தால் தென்னாப்பிரிக்காவுக்கே ஆடியிருக்கலாமே?

முடியாது. தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணி வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியது. மற்றவர்களுக்குத் தனிச் சங்கம், தனிப் போட்டிகள், தனி மைதானங்கள். மைதானம் என்று சொல்வதே அதிகம். கேப்டவுனின் கிரீன் பாயின்ட் பொட்டலில் கல் பொறுக்கி, மேடு பள்ளம் சரிசெய்து, பாய் விரித்து ஆடுவார்கள். ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் பக்கத்து ஆட்டத்துக்குள் நின்றுகொண்டிருப்பார். அதே ஊரில் மலையடிவாரத்தில் நியூலேண்ட்ஸ் என்ற அழகான டெஸ்ட் மைதானம் உண்டு. அங்கே வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வேலி போட்டு ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். 'கூண்டு' என்றே அதற்குப் பெயர். சிறுவன் டி'ஒலிவெரா டெஸ்ட் கிரிக்கெட்டைப் பார்த்தது அந்தக் கூண்டுக்குள்ளிருந்துதான்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1889-லிருந்து 1970 வரை தென்னாப்பிரிக்கா ஆடிய டெஸ்ட்கள் 172. எதிரணிகள் மூன்றே மூன்று: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இந்தியாவோடு ஒரு டெஸ்ட்கூட இல்லை. பாகிஸ்தானோடு இல்லை. சோபர்ஸும் வொரலும் இருந்த மேற்கிந்தியத் தீவுகளோடு இல்லவே இல்லை. அதாவது, உலகம் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிப்பதற்கு எண்பது வருடம் முன்பிருந்தே அவர்கள் நம்மைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு யாரும் அரசியல் என்று பெயர் வைக்கவில்லை, வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். கீழே வருகிற எல்லாக் கேள்விகளுக்கும் இதை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்கு எப்படிப் போனார்?

கடிதம் எழுதிப் போனார். ரேடியோவில் ஜான் ஆர்லட்டின் வர்ணனையைக் கேட்டு, இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதராகத்தான் இருப்பார் என்று நம்பி, அறிமுகமே இல்லாத அவருக்கு எழுதினார். ஆர்லட் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. ஒரு பத்திரிகை நண்பர் மூலம் கிளப் கிளப்பாகக் கேட்டுப் பார்த்தார். 1960-ல் லங்காஷயரின் மிடில்டன் கிளப்புக்கு வருவதாக இருந்த மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் வெஸ் ஹால் வர முடியாமல் போக, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. ஒரு சீசனுக்கு 450 பவுண்டு. விமானக் கட்டணம் இவர் பொறுப்பு. கேப்டவுனில் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் ஆட்டம் நடத்தி, உண்டியல் குலுக்கி, காசு சேர்த்து அனுப்பி வைத்தார்கள்.

பாய் விரித்த ஆடுகளத்தில் பழகியவருக்கு இங்கிலாந்தின் ஈரப் புல்தரை புரியவே இல்லை. முதல் ஐந்து இன்னிங்ஸில் சேர்த்தே 25 ரன். சீசன் முடியும்போது அந்த லீக்கின் பேட்டிங் சராசரியில் முதலிடம். அடுத்த இடத்தில் கார்ஃபீல்ட் சோபர்ஸ்.

சரி, 1968-ல் என்னதான் நடந்தது?

அந்த வருடக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். 1966-லிருந்தே டி'ஒலிவெரா இங்கிலாந்து அணியில் இருக்கிறார். அவரை அழைத்துப் போனால் என்ன ஆகும் என்பதுதான் வருடம் முழுக்கக் கேள்வி. தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர், அவர் வந்தால் தொடர் கிடையாது என்று அந்த மார்ச்சிலேயே ஒரு பிரிட்டிஷ் பிரபுவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி கடிதமாக, அப்போது இங்கிலாந்து அணியை வெளிநாடுகளுக்கு அனுப்பி வந்த லண்டனின் எம்.சி.சி. கிளப்பின் உச்சியில் இருந்த ஓரிருவர் கைக்கு வந்தது. அவர்கள் அதை முழுக் கமிட்டியிடம் சொல்லவில்லை. வெளியே தெரிந்தது அடுத்த வருடம்தான்.

இதற்கிடையே டி'ஒலிவெராவிடம் ஆசை காட்டினார்கள். ஒரு சிகரெட் கம்பெனியைச் சேர்ந்த அதிகாரி, அங்கே கறுப்பினச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வருடம் 4,000 பவுண்டு தருகிறோம் என்றார். ஒரே நிபந்தனை: இங்கிலாந்து அணித் தேர்வுக்குத் தயாராக இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். 450 பவுண்டுக்காகக் கடல் கடந்து வந்தவர் அவர். மறுத்துவிட்டார்.

ஆஸ்திரேலியாவுடனான முதல் டெஸ்டில் இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 87 எடுத்தும், லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை. கடைசி டெஸ்ட், ஓவல் மைதானம். ரோஜர் பிரிடோ உடம்பு சரியில்லை என்று விலக, டி'ஒலிவெராவைக் கூப்பிட்டார்கள். 31 ரன்னில் விக்கெட் கீப்பர் ஜார்மன் ஒரு கேட்சைத் தவறவிட்டார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சதத்தைத் தொட்டபோது நடுவர் சார்லி எலியட், இனி பெரிய ரகளைதான் என்று காதோரம் சொன்னாராம். மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. 158 ரன்.

கடைசி நாள் பகலில் மழை கொட்டி மைதானமே குளமானது. வெயில் வந்ததும் பார்வையாளர்கள் இறங்கி, ஊழியர்களோடு சேர்ந்து தண்ணீரை இறைத்தார்கள். மீதி எழுபத்தைந்து நிமிடம். ஜார்மனும் இன்வராரிட்டியும் கட்டை போட்டு நிற்க, ஆட்டம் டிராவை நோக்கிப் போனது. அந்த ஜோடியை உடைத்ததும் டி'ஒலிவெராதான்: ஜார்மனை போல்டாக்கினார். மிச்சத்தை டெரெக் அண்டர்வுட் பார்த்துக்கொண்டார். ஆறு நிமிடம் மிச்சமிருக்க இங்கிலாந்து வென்றது.

அன்று மாலையே தேர்வுக் கூட்டம். நள்ளிரவு தாண்டியும் பேசினார்கள். அடுத்த நாள், ஆகஸ்ட் 28, டி'ஒலிவெரா கவுண்டி ஆட்டத்தில் இருந்தார். அவருடைய கவுண்டி அணியான வூஸ்டர்ஷயரின் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அணிப் பட்டியலைக் கேட்டார்கள். பெயர்கள் முடிந்தன. அவர் பெயர் வரவில்லை. கேப்டன் டாம் கிரேவெனி அவரை மெல்ல எழுப்பிப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் குழந்தைபோல் அழுதார். கிரேவெனி பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது.

கிரிக்கெட் காரணங்களுக்காக விட்டிருக்கலாம் இல்லையா?

நியாயமான கேள்வி. அதற்கு முந்தைய மேற்கிந்தியப் பயணத்தில் அவர் சரியாக ஆடவில்லை. வயதும் ஆகிவிட்டது. இடத்துக்குப் போட்டியும் இருந்தது. தேர்வாளர்கள் சொன்ன விளக்கம்: வெளிநாட்டு ஆடுகளங்களில் அவரை ஆல்ரவுண்டராக எடுக்க முடியாது, பேட்ஸ்மேனாக மட்டும் பார்த்தோம், மற்ற பேட்ஸ்மேன்கள் மேல்.

அதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் செப்டம்பர் 16 அன்று டாம் கார்ட்ரைட் தோள் காயத்தால் விலகினார். அவர் பந்துவீச்சாளர். அவருக்குப் பதிலாக யாரை எடுத்தார்கள்? டி'ஒலிவெராவை. பேட்ஸ்மேனாக மட்டுமே பார்க்கப்பட்டவர் மூன்று வாரத்தில் பந்துவீச்சாளருக்கு மாற்று ஆனார். இடைப்பட்ட நாட்களில் நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பைத் தவிர வேறெதுவும் மாறவில்லை.

மறுநாளே புளூம்ஃபான்டீனில் தன் கட்சிக்காரர்கள் முன்னால் வோர்ஸ்டர் பேசினார். இது எம்.சி.சி. அணி அல்ல, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்றார். கூட்டம் கைதட்டியது. செப்டம்பர் 24 அன்று தொடர் ரத்தானது.

டி'ஒலிவெரா ஏன் வெளிப்படையாகப் போராடவில்லை?

அவரைப் பற்றி அப்போதே சிலருக்கு இந்த வருத்தம் இருந்தது. நிறவெறிக்கு எதிராகப் போராடியவர்களிலேயே சிலர், இவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்று நினைத்தார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. அவர் மேடைப் பேச்சாளர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே மொழி பேட்டிங். மேலும், பேசாமலே அவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். விலகிக்கொள் என்று பணத்தோடு ஒருவர் வந்தார். லார்ட்ஸ் டெஸ்டின்போது, இங்கிலாந்துக்கு வேண்டாம், தென்னாப்பிரிக்காவுக்கு ஆடத் தயார் என்று அறிவித்துவிடு, பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எம்.சி.சி. நிர்வாகி ஒருவரே யோசனை சொன்னதாக டி'ஒலிவெரா பின்னாளில் சொன்னார். தன்னைக் கூண்டில் வைத்த அணிக்கு ஆடத் தயார் என்று சொல்லச் சொன்னார்கள்! அத்தனைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, பேட்டை எடுத்துக்கொண்டு போய் 158 எடுத்தார். இதைவிட உரக்க எப்படிப் பேசுவது?

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று இருந்திருந்தால் நல்லதுதானே?

நல்லதுதான். டி'ஒலிவெராவும் அதைத்தான் விரும்பினார். பேட் பிடிப்பதற்கு முன்பே அரசியல் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டது. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பேருந்தில் ஏறலாம், எங்கே உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்தது.

அரசு செய்த தப்புக்குத் தென்னாப்பிரிக்க வீரர்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

இதற்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 1970-ல் இங்கிலாந்து வரவிருந்த தென்னாப்பிரிக்க அணியைத் தடுக்க பீட்டர் ஹெயின் என்ற இளைஞர் தலைமையில் பெரிய போராட்டம் நடந்தது. மே மாதம் அந்தத் தொடர் ரத்தானது. அடுத்து ஆஸ்திரேலியாவும் அழைப்பை விலக்கிக்கொண்டது. அப்போது தென்னாப்பிரிக்கா உலகின் தலைசிறந்த அணி, ஆஸ்திரேலியாவை 4-0 என்று நொறுக்கியிருந்தது. பேரி ரிச்சர்ட்ஸ் மொத்தம் ஆடியது நான்கே டெஸ்ட், சராசரி 72. மைக் ப்ராக்டர் ஏழு டெஸ்டில் 41 விக்கெட். கிரேம் பொல்லாக் 60-க்கு மேல் சராசரியோடு 26 வயதில் டெஸ்ட் வாழ்க்கையை முடித்துக்கொண்டார். இவர்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் போனது நமக்கும் இழப்புதான்.

1971 ஏப்ரலில் அதே நியூலேண்ட்ஸில் ஒரு சம்பவம். பொல்லாக், ரிச்சர்ட்ஸ், ப்ராக்டர் எல்லோரும் ஆடிய ஆட்டம். ஒரே ஒரு பந்து வீசப்பட்டது. உடனே வீரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்துவிட்டு, திரும்ப வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். காலம் கடந்து எழுந்த குரல்தான். ஆனாலும் அன்றைய தென்னாப்பிரிக்காவில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

அவர்களுக்காக வருத்தப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் ரிச்சர்ட்ஸுக்கு நான்கு டெஸ்டாவது கிடைத்தது. கிரீன் பாயின்ட்டில் கல் பொறுக்கியவர்களில் எத்தனை ரிச்சர்ட்ஸ் இருந்தார்கள்? அவர்கள் சராசரியை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

இதில் நமக்கு என்ன சம்பந்தம்?

நிறையவே. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல்தான் கரும்புக்காட்டுக் கூலிகளாக நம் ஆட்களை முதன்முதலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. அவர்கள் பேரப்பிள்ளைகளையும் அதே நிறச்சட்டங்கள் நசுக்கின. 1946-லேயே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. அதன் பின்னணியில் டர்பன் இந்தியர்களின் நிலைமையும் உண்டு. அந்த ஊரின் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பப்வா சேகோலம் 1963-ல் வெள்ளையர்களைத் தோற்கடித்து நேட்டால் ஓப்பன் போட்டியை வென்றார். கிளப் கட்டடத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லை. கொட்டும் மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

அப்புறம் 1974. நம்ம சென்னையின் விஜய் அமிர்தராஜும் அண்ணன் ஆனந்தும் ஆடிய இந்திய டேவிஸ் கோப்பை டென்னிஸ் அணி கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் சோவியத் யூனியனையும் வென்றது. இறுதிப் போட்டியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. விஜய்க்கு அப்போது வயது 20. 1987-ல் மறுபடி இறுதிப் போட்டி ஆடியபோது 34, ஸ்வீடனிடம் 5-0 என்று தோல்வி. இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை. அந்த முடிவு சரியானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த இருபது வயது இளைஞனின் மனதையும் நினைத்துப் பார்க்கிறேன். கொள்கையை நாடு எடுத்தது, கோப்பையை அந்தப் பையன்கள் விட்டுக்கொடுத்தார்கள். அந்த விலையை நாம் இன்னும் அடிக்கடி நன்றியோடு சொல்லியிருக்க வேண்டும்.

இலங்கை வீரர்கள் தடையை மீறிப் போனார்களாமே?

ஆமாம், 1982-ல். இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய அதே வருடம். அந்த முதல் டெஸ்டின் கேப்டன் பந்துல வர்ணபுரவே தலைமை ஏற்று 14 பேர் கொண்ட அணியோடு தென்னாப்பிரிக்கா போனார். காரணம் பணம். இலங்கையில் கிரிக்கெட்டில் கிடைத்தது கைச்செலவுக்குத்தான் காணும். திரும்பி வந்ததும் 25 வருடத் தடை.

அடுத்த வருடம் மேற்கிந்திய வீரர்களும் போனார்கள். அவர்களுக்கு 'கௌரவ வெள்ளையர்' என்று தற்காலிக அந்தஸ்து. அந்த அந்தஸ்து எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை வேகப்பந்து வீச்சாளர் காலின் கிராஃப்ட் கண்டுகொண்டார். கேப்டவுனில் வெள்ளையர் ரயில்பெட்டியில் ஏறியவரை இறக்கிவிட்டார்கள்.

புறக்கணிப்பால் நிறவெறி ஒழிந்ததா?

தனியாக அதனால் இல்லை. சிறையிலும் தெருவிலும் உயிரைக் கொடுத்தவர்கள்தான் ஒழித்தார்கள். பொருளாதாரத் தடைகளும் சேர்ந்துகொண்டன. ஆனால் ரக்பியும் கிரிக்கெட்டும் உயிர் என்று இருந்த வெள்ளைக் குடும்பங்களுக்கு, ஏதோ தப்பு இருக்கிறது என்று சனிக்கிழமை தோறும் வீட்டுக்குள்ளேயே நினைவூட்டியது விளையாட்டுத் தடைதான். மண்டேலா விடுதலை 1990 பிப்ரவரி. 1991 ஜூலையில் தென்னாப்பிரிக்காவை சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி.யில் சேர்க்க முன்மொழிந்தது இந்தியா. நவம்பர் 10 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் முதல் ஆட்டம். நிலவில் கால் வைத்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது என்றார் கேப்டன் கிளைவ் ரைஸ். ஒரு லட்சம் பேருக்கு அருகில் கூட்டம். நூறு வருடத்தில் முதல்முறையாக இந்தியாவோடு ஆடினார்கள்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

சில விஷயங்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. இங்கிலாந்து - தென்னாப்பிரிக்கா டெஸ்ட் தொடருக்கு இப்போது டி'ஒலிவெரா பெயரில்தான் கோப்பை. அவர் 2011-ல் காலமானார். நாகப்பட்டினத்தில் வேர் உள்ள டர்பன் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை செனுரன் முத்துசாமி 2019-ல் விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் டெஸ்ட் ஆடி, முதல் விக்கெட்டாக விராட் கோலியை எடுத்தார்.

ஆனால் மகாயா என்டினியையும் கேட்க வேண்டும். மாடு மேய்த்த கிராமத்துப் பையன். 1998-ல் தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்கு வந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். முதல் டெஸ்ட் நியூலேண்ட்ஸில்தான், கூண்டு இருந்த அதே இடத்தில். 101 டெஸ்ட், 390 விக்கெட். அணி பஸ்ஸில் ஏறாமல் ஹோட்டலிலிருந்து மைதானத்துக்கு அவர் ஓடியே போவார். என்ன ஒரு உடல் தகுதி என்று நாமெல்லாம் வியந்தோம். 2020-ல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார்: சாப்பிடப் போகலாம் வா என்று கதவைத் தட்ட யாரும் இல்லை. காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் வந்து உட்கார யாரும் இல்லை. பஸ்ஸில் பின்னால் போய் உட்கார்ந்தால் எல்லோரும் முன்னால் போய்விடுவார்கள். அதனால் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். ஆட்டம் முடிந்து திரும்பும்போதும் ஓடினேன்.